பச்சை காட்டிய வண்டி

தகரப் பட்டறைத் தெருவுக்குள் காலடி வைத்ததும் கண்டக்டர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"இங்க ரகசியம் பேசணும்னா எழுதித்தான் காட்டணும் டீச்சர்."

தெருவின் இருபுறமும் பட்டறைகள். தகரத்தை வெட்டுகிறவர்கள், வளைக்கிறவர்கள், வளைத்தது சரியில்லை என்று மறுபடி அடித்து நிமிர்த்துகிறவர்கள். காலை பத்தரை மணிக்கு அந்தச் சத்தம் பல்லுக்குள் இறங்கியது.

எல்லோரும் டீச்சர் என்று கூப்பிடும் அந்த அம்மாள் இருபத்திரண்டு வருஷம் கணக்குப் பாடம் நடத்தியவர். ஒரு நாள் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்தார். கண்டக்டர் நிஜமாகவே பஸ் கண்டக்டராக இருந்தவர். டிப்போ மேனேஜரின் மைத்துனரிடம் டிக்கெட் கேட்டதால் வேலை போய், டீச்சரிடம் ஒட்டிக்கொண்டு நாலு வருஷம் ஆகிறது. அவருக்கு முகங்களும் பெயர்களும் மறந்துபோகும். எண்கள் மறக்காது.

"மறுபடி சொல்லுங்க" என்றார் டீச்சர்.

"போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூணு மணி. சில்லறை இந்தத் தெருவுக்குள்ள வந்தாரு."

சில்லறை என்பது காணாமல் போனவரின் பட்டப்பெயர். நகரத்தின் காசு மீட்டர்களைப் பழுது பார்க்கும் பதினோரு மெக்கானிக்குகளில் ஒருவர். அவர் நடந்தால் சட்டைப்பை குலுங்கும் என்பதால் வைத்த பெயர். சாலையோரம் வண்டி நிறுத்த நாணயம் போடும் அந்த மீட்டர்களை எல்லாம் பிடுங்கிவிட்டு இப்போது எலெக்ட்ரானிக் மீட்டர்களை நட்டுக்கொண்டிருந்தார்கள். வண்டி நம்பரைக் கொடுத்துப் போனிலேயே பணம் கட்டிவிடலாம். கடைசியாக மாறிய தெரு இது.

"வந்து, கடைசிப் பழைய மீட்டரைக் கழட்டினாரு. அதுல இருந்த நாணயத்தைத் துணிப்பையில கொட்டி முடிச்சுப் போட்டாரு. எதிர்ப் பட்டறைக்காரர் அதுவரைக்கும் பார்த்திருக்காரு. அப்புறம் யாரும் பார்க்கல. இன்னியோட ஒன்பது நாள். தெருவுக்கு ஒரே வாய், அந்தக் கோடியில சுவர். வாய்ல எடை போடற கடை இருக்கு பாருங்க, அந்தக் கடைக்காரருக்குப் பொழுதே போறவங்க வர்றவங்களை முறைக்கிறதுலதான் போகுது. சில்லறை வெளிய போகவே இல்லைன்னு அடிச்சுச் சொல்றாரு."

"போலீஸ் என்ன சொல்றாங்க?"

"பட்டறை பட்டறையா நுழைஞ்சு பார்த்தாங்க. போன் அணைஞ்சு கிடக்கு. காசுப் பையோட கம்பி நீட்டிட்டாருன்னு எழுதி மூடிட்டாங்க."

சில்லறையின் மனைவி அதை ஒப்புக்கொள்ளவில்லை. கடைவீதியில் பொத்தான் கடை வைத்திருப்பவர். அன்று காலை டீச்சரின் அலுவலகத்தில் உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். புது மீட்டர்களைப் பார்த்துக்கொள்ள ஒரே ஒரு ஆள் போதும் என்று மீட்டர் துறை முடிவு செய்தது. பதினோரு பேருக்கும் பரீட்சை வைத்தார்கள். "நாப்பத்தஞ்சு வயசுல ஆறு மாசம் உக்காந்து படிச்சாரு டீச்சர். முதல் மார்க் வாங்கினாரு. அப்படிப்பட்டவரு ஒரு பை நாணயத்துக்காக ஏன் ஓடணும்?"

"உங்களுக்கு என்ன தோணுது கண்டக்டர்?"

"பஸ்ஸுல ஏறினவன் எந்த ஸ்டாப்புலயும் இறங்கலைன்னா இன்னும் பஸ்ஸுக்குள்ளதான் இருக்கணும். சீட்டுக்கு அடியில குனிஞ்சு பார்க்கணும்."

டீச்சர் நின்றுவிட்டார். கண்டக்டர் வேடிக்கையாகச் சொல்வதை அவர் எப்போதும் வேடிக்கையாக எடுத்துக்கொள்வதில்லை. பட்டறைகளை விட்டுவிட்டு, தெருவோரம் வரிசையாக நின்ற வண்டிகளைப் பார்த்தார்.

"குனிஞ்சு பார்ப்போம்" என்றார்.

கழுத்தில் ஒரு கருவியைத் தொங்கவிட்டபடி பார்க்கிங் காவலர் எதிரே வந்துகொண்டிருந்தார். ஒரு லாரியின் நம்பருக்கு நேராகக் கருவியைப் பிடித்தார். சிவப்பு. சீட்டைக் கிழித்துக் கண்ணாடியில் செருகினார்.

"புது மெஷின் வந்ததுலருந்து உங்களுக்கு நல்ல வேலை போல" என்றார் டீச்சர்.

"அதை ஏன் கேக்கறீங்க மேடம். நம்பரைத் தப்பா அழுத்திட்டு, கட்டிட்டேன்னு சண்டைக்கு வர்றாங்க. ஒரு பட்டறைக்காரர் மெஷின் இடுக்குல நாணயத்தைத் திணிச்சுட்டு ரசீது எங்கேங்கறாரு. இந்தத் தெருவுல அபராதம் வாங்காத வண்டியே கிடையாது." கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணைத் தவிர."

"எது?"

"கோடியில சுவரோரமா நிக்குதே பழுப்பு வேன், அது. தங்கமான ஆளு யாரோ. காலையில, மத்தியானம், சாயங்காலம்னு நேரம் தவறாம பணம் வந்துடும்."

"மாத்திரை மாதிரி" என்றார் கண்டக்டர்.

"ஆளைப் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார் டீச்சர்.

"ஆள் எதுக்கு மேடம்? காசு மீட்டர்னா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை யாராவது வந்து நாணயம் போட்டே ஆகணும். இப்ப வீட்டுல படுத்துக்கிட்டே கட்டலாம். நான் ஒரு நாளைக்கு மூணு சுத்து வர்றேன். பச்சை வந்தா நகர்ந்துடுவேன். சிவப்பு வந்தா சீட்டு. சிவப்பு அரை மணி நேரம் நீடிச்சா இழுவை வண்டி வந்து தூக்கிட்டுப் போய், யார்டுல திறந்து பார்த்துப் பட்டியல் போடும்."

"அந்த வேன் எத்தனை நாளா நகராம நிக்குது?"

"நகர்ந்தா என்ன, நகரலைன்னா என்ன. பச்சை."

மூவரும் கோடிக்கு நடந்தார்கள். வேனின் பின்பாதி முழுக்க இரும்புப் பெட்டி. ஜன்னல் கிடையாது. மேலே கைவிரல் நுழையும் அளவுக்கு நாலு துளைகள். மீட்டர்களிலிருந்து எடுத்த நாணயங்களை ஏற்றிப்போக ஒரு காலத்தில் துறை வைத்திருந்த வண்டி. துறையின் பெயர்மேல் அவசரமாகப் பழுப்புச் சாயம் அடித்திருந்தார்கள். டயருக்கும் தரைக்கும் நடுவே சிலந்தி வலை பின்னியிருந்தது.

பார்க்கிங் காவலர் பழக்கத்தில் கருவியை நீட்டினார். பச்சை. கருவி குருவி மாதிரி ஒரு தடவை கூவியது.

"ஓட்டை வேனுக்குப் புதுப் பூட்டு" என்றார் டீச்சர்.

கண்டக்டர் குனிந்தார். பளபளவென்று பித்தளைப் பூட்டு. சாவித் துளை வட்டமாக இருந்தது. "இது காசு மீட்டருக்குப் போடற பூட்டு டீச்சர். வட்டச் சாவி. ஊர்லயே பதினோரு பேர்கிட்டதான் இருக்கும்." அப்படியே மூக்கைச் சுளித்து நிமிர்ந்தார்.

டீச்சர் பார்க்கிங் காவலரிடம் திரும்பினார்.

"இதுக்குள்ளேருந்து ஏதாவது சத்தம் கேட்டுதா?"

"இந்தத் தெருவுல நின்னுக்கிட்டு சத்தம் கேட்டுதான்னு கேக்கறீங்களே மேடம்."

"ஞாயித்துக்கிழமை பட்டறைக்கெல்லாம் லீவு. உங்களுக்கும் லீவா?"

அவர் கருவியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "இல்ல. வந்தேன்."

"கேட்டுதா?"

"தட்டற மாதிரி. லேசா. நாய் ஏதோ உள்ள மாட்டிக்கிச்சுன்னு நினைச்சேன்."

"நாய்னா விட்டுட்டுப் போயிடலாமா?" என்றார் கண்டக்டர்.

"கருவியைக் காட்டினேன் சார். பச்சை வந்துச்சு. பச்சை வந்தா வண்டியைத் தொடக் கூடாதுன்னு ரூல்."

டீச்சர் கூப்பிட்டதும் தகரம் வெட்டுகிறவர் ஒருவர் தன் இயந்திரத்தை இழுத்து வந்தார். இரண்டே நிமிஷம். பூட்டு தெறித்துக் கீழே விழுந்தது. கதவைத் திறந்தவர் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, இயந்திரத்தை அங்கேயே போட்டுவிட்டுத் தன் பட்டறைக்குள் போய்விட்டார்.

சில்லறை கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தார். வலது கையைச் சட்டைத் துணியால் சுற்றியிருந்தார். பக்கத்தில் காசுப் பை கிழிந்து கிடந்தது. அதை வைத்துத்தான் இரும்பில் அடித்திருக்கிறார். கிழிந்த பிறகு கையால் அடித்திருக்கிறார். நாணயங்கள் எங்கும் சிதறிக் கிடந்தன. இரண்டு தண்ணீர் பாட்டில்கள் காலியாக இருந்தன. ஒரு பிஸ்கெட் பொட்டலம் பிரிக்கப்படாமலே இருந்தது. இடுப்பு வளையத்தில் அவருடைய வட்டச் சாவி தொங்கியது. கதவுக்கு உள்பக்கம் சாவித் துளை கிடையாது.

இரும்புச் சுவரில் நாணய விளிம்பால் கீறிய எழுத்துகள். ஒவ்வொரு எழுத்தையும் பலமுறை கீறி ஆழமாக்கியிருந்தார்.

கண்டக்டர் போன் வெளிச்சத்தில் படித்தார். "காசு கட்டாதீங்க."

வெளிச்சத்தை எழுத்துகள்மேலேயே பிடித்திருந்தார்.

"யாருக்கு டீச்சர் இதை எழுதியிருக்காரு?"

"கட்டறவங்களுக்கு. அவர் மெக்கானிக். வெளிய அந்தக் கருவி கூவினா என்ன அர்த்தம்னு அவருக்குத் தெரியும். யாரோ பணம் கட்டிக்கிட்டே இருக்காங்க. ஒரு தடவை கட்டாம விட்டாப் போதும், அரை மணியில இழுவை வண்டி வரும், கதவு திறக்கும்." டீச்சர் எழுத்துகளுக்குக் கீழே விரலை நகர்த்தினார். சின்னச் சின்னக் கோடுகள் வரிசையாக இருந்தன. "ஒவ்வொரு கூவலுக்கும் ஒரு கோடு. எண்ணுங்க."

"பதினாறு."

"செவ்வாய் சாயங்காலம் ஒண்ணு. புதன்லருந்து ஒரு நாளைக்கு மூணு. ஞாயித்துக்கிழமை சாயங்காலத்தோட நிக்குது. அதுவரைக்கும் உயிரோட இருந்திருக்காரு."

வெளியே பார்க்கிங் காவலர் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே தலையைத் தொங்கப்போட்டிருந்தார். டீச்சர் அவர் முன்னால் போய் நின்றார்.

"பணம் கட்டற போன் நம்பர் உங்க கருவியில தெரியுமா?"

தெரியும். அவர் இரண்டு தடவை அழுத்தி, கருவியைக் கழற்றிக் கொடுத்தார். டீச்சர் அதைக் கண்டக்டரிடம் நீட்டினார். கண்டக்டர் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"என்ன?"

"காலையில இந்த நம்பருக்குத்தான் நான் போன் பண்ணினேன்."

"யாருக்கு?"

"அந்தம்மாவுக்கு. இவரோட சம்சாரத்துக்கு."

பட்டறைகளில் சத்தம் நின்றிருந்தது. எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

அரை மணியில் இன்ஸ்பெக்டர் வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார், கைக்குட்டையால் வாயைத் துடைத்தார், விஷயத்தைக் கேட்டார். ஏற்கெனவே ஒரு தடவை மூடிய கேஸை மறுபடி மூட அவருக்கு அவசரம்.

"பொண்டாட்டி பணம் கட்டியிருக்கா. அப்புறம் என்ன டீச்சர்? போய்க் கூட்டிக்கிட்டு வந்துட வேண்டியதுதான்."

"பூட்டினவங்க யாரு, கட்டினவங்க யாருன்னு முதல்ல பிரிச்சுக்குங்க. இந்தப் பூட்டு மெக்கானிக்குங்க பூட்டு. கண்டக்டர், காலையில வர்ற வழியில துறை அலுவலகத்துல ஒரு அறிவிப்பைப் படம் எடுத்தீங்களே."

கண்டக்டர் போனைத் துழாவினார். பரீட்சை முடிவு. பதவி ஒன்று. தேர்வானவர் பத்து நாளுக்குள் வேலையில் சேராவிட்டால் அடுத்த இடத்தில் இருப்பவருக்குப் போகும். கெடு நாளை மாலை ஐந்து மணி.

"பத்து நாள்" என்றார் டீச்சர். "அவர் வராம இருந்தா யாருக்கு லாபம்?"

"ரெண்டாவது இடம்… பேரைப் பார்த்தா எனக்கு ஒண்ணும் புரியாது டீச்சர். ஊழியர் எண் மூவாயிரத்து முன்னூத்தி ஏழு." கண்டக்டரின் குரல் தேய்ந்தது. "இந்த எண் எனக்குத் தெரியும். காலையில அந்தம்மா நம்ம படிவத்துல எழுதினாங்க. அவங்க கூடப்பொறந்த அண்ணன். ஒரே துறையில வேலை, தேட உதவி பண்றாருன்னு சொன்னாங்க."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "சரி, அண்ணன்னே வைச்சுக்குவோம். எனக்கு ஒண்ணுமே தெரியாது, கட்டினது அவதான்னு சொல்லிட்டான்னா? இது துறை ஏலம் விட்ட வண்டி. யார் எடுத்தாங்கன்னு தாளைத் தேடி எடுக்க ரெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் என் கையில இருக்கறது அந்தம்மா நம்பர் மட்டும்தான். உள்ள வைக்காம இருக்க முடியாது."

"அரை மணி நேரம் கொடுங்க. கடைக்கு வெளியில, உள்ள பேசறது காதுல விழற இடத்துல நில்லுங்க."

"என்ன பண்ணப் போறீங்க டீச்சர்?" என்று கேட்டார் கண்டக்டர்.

"ஒரு பொய் சொல்லப் போறேன்."

பொத்தான் கடையின் மூன்று சுவர்களிலும் தரையிலிருந்து கூரை வரை சின்ன இழுப்பறைகள். ஒவ்வொன்றின் முகப்பிலும் உள்ளே இருப்பதில் ஒன்றைத் தைத்து வைத்திருந்தார்கள். கொம்பு, சிப்பி, பித்தளை, நூல் சுற்றியது. நடுவே மேசைக்குப் பின்னால் அந்த அம்மாள் உட்கார்ந்து கறுப்பையும் கருநீலத்தையும் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்து முக்காலியில் அண்ணன். ஐம்பது வயது, படிய வாரிய தலை, கழுத்தில் மீட்டர் துறையின் பயிற்சி அட்டை. மத்தியான இடைவேளையில் தங்கையைப் பார்க்க வந்திருந்தார்.

"ஏதாவது தெரிஞ்சுதா டீச்சர்?" அந்த அம்மாள் எழுந்தார்.

டீச்சர் பதில் சொல்வதற்குள் மேசைமேல் இருந்த போன் அதிர்ந்தது. அந்த அம்மாள் அதை எடுத்துப் பார்த்து, கட்டைவிரலை வைக்கப் போனார்.

"என்ன அது?"

"பார்க்கிங் டீச்சர். இன்னும் பத்து நிமிஷத்துல முடியுதாம். அண்ணன் சொன்ன வண்டிக்கு நான்தான் கட்டறேன். பயிற்சியில போனை வாங்கி வச்சுடறாங்களாம். எனக்காக எவ்வளவு அலையறாரு, இதுகூடச் செய்யலைன்னா எப்படி?"

"எங்க நிக்குது வண்டி?"

"தெரியலையே. இதுல மண்டலம் நாப்பத்தொண்ணுன்னுதான் போட்டிருக்கு."

"சிநேகிதர் ஒருத்தரோட வண்டி" என்றார் அண்ணன் மெதுவாக. "அவர் வெளியூர் போயிருக்காரு. கட்டிடு பாப்பா, நேரம் ஆயிடப் போகுது."

"பழுப்பு வேன் தானே?" டீச்சர் முக்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நாங்க அங்கிருந்துதான் வர்றோம். கதவு திறந்து கிடக்கு. பூட்டு உடைஞ்சு கீழ விழுந்து கிடக்கு. உள்ள காலி."

அண்ணனின் முகம் வெளிறியது. "காலியா?"

"காலி."

"எப்படி? உள்ளேருந்து அவனால எப்படிப் பூட்டை உடைக்க முடியும்?"

சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. வாயைத் திறந்தபடி கண்டக்டரைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், கடைசியில் தங்கையைப் பார்த்தார்.

அந்த அம்மாள் அவரைப் பார்க்கவில்லை.

"அவரா?" என்றார். "அவரா டீச்சர் உள்ள இருந்தாரு? உடைச்சுக்கிட்டு வெளிய வந்துட்டாரா?"

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் அவர் சிரித்துவிட்டார். ஒன்பது நாளாகத் தூங்காத முகத்தில் அந்தச் சிரிப்பு வந்ததும் வயது பத்து குறைந்தது. ஏன் உள்ளே இருந்தார், யார் வைத்தார்கள் என்று எதையும் அவர் கேட்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து பரபரவென்று துழாவினார்.

"வீட்டுச் சாவி என்கிட்ட இருக்கு. அவரு வாசல்லயே நின்னுக்கிட்டிருப்பாரு. பக்கத்து வீட்டுல போய்க் கேக்கக்கூட மாட்டாரு, கூச்சம். கண்டக்டர் சார், கடையைக் கொஞ்சம் பார்த்துக்கறீங்களா, நான் ஓடிப் போய்…"

கண்டக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"உக்காருங்கம்மா" என்றார் டீச்சர்.

"இதோ வந்துடறேன் டீச்சர்."

"உக்காருங்க. வேன் காலியா இல்ல. நான் பொய் சொன்னேன்."

சாவியைப் பிடித்த கை அப்படியே நின்றது. சிரிப்பு உடனே போகவில்லை. எங்கே போவது என்று தெரியாமல் அது முகத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பிறகுதான் போனது.

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். அண்ணன் ஓட முயலவில்லை. முக்காலியில் இருந்தபடியே பேச ஆரம்பித்தார். யாரும் கேட்காமலே எல்லாம் வந்தது.

"கொல்லணும்னு நினைக்கல சார். பத்து நாள் வராம இருந்தாப் போதும்னுதான். இவனுக்கு அந்தத் துறையில வேலை வாங்கிக் கொடுத்ததே நான். ஸ்குரூ பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததும் நான். அவன் முதல், நான் ரெண்டாவதாம். பழைய மீட்டர் தலை ஒண்ணு உள்ள கிடக்கு, எடுத்துக்கோன்னேன். ஒரு கால் பேசணும்னு அவன் போனை வாங்கி வச்சுக்கிட்டேன். பையோட குனிஞ்சு போனான். சாத்திட்டேன். மாமா, விளையாடாதீங்கன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னான்."

"தண்ணி?"

"முன்னாடியே வச்சிருந்தேன். ரெண்டு பாட்டில். வியாழக்கிழமை திறந்து விட்டுடலாம்னு தெருமுனை வரைக்கும் போனேன். திறந்தா வெளிய வந்து சொல்லிடுவான். திரும்பிட்டேன்."

"பணத்தை ஏன் இவங்களைக் கட்டச் சொன்னீங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"முதல் நாள் நானே கட்டினேன். அடுத்த நாள் காலையில போன் மறுபடி கட்டச் சொல்லிக் கேட்டுச்சு." அவர் தன் விரல்களைப் பார்த்தார். "கை வரல."

"அதனால தங்கச்சி கையை இரவல் வாங்கிக்கிட்டீங்க" என்றார் கண்டக்டர்.

இன்ஸ்பெக்டர் அவரை எழுப்பினார். வாசல் தாண்டும்போது அண்ணன் திரும்பி, "பாப்பா" என்றார். அந்த அம்மாள் மேசைமேல் கலந்துபோன கறுப்பையும் கருநீலத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் போன பிறகு டீச்சரிடம் கேட்டார்.

"எத்தனை நாள் இருந்தாரு?"

"அவரு முதல் நாளே…" என்று கண்டக்டர் ஆரம்பித்தார்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும்" என்றார் டீச்சர்.

கண்டக்டர் டீச்சரை அதுவரை பார்க்காத மாதிரி பார்த்தார்.

அந்த அம்மாள் உதடுகளால் நாட்களை எண்ணினார். ஒன்றில் வந்து நின்றார்.

"ஞாயித்துக்கிழமை காலையில நான் மறந்துட்டேன். துணி துவைச்சுக்கிட்டிருந்தேன். இருபது நிமிஷம் தாண்டிடுச்சு. அண்ணன் போன் பண்ணினாரு, ஏன் கட்டலைன்னு. அன்னிக்குப் பயிற்சியே கிடையாது, போன் அவர் கையிலதான் இருந்துச்சு. அவரே கட்டியிருக்கலாம்ல. அது எனக்குத் தோணவே இல்ல." குரல் மாறாமலே சொன்னார். "மன்னிச்சுக்குங்க அண்ணா, இனிமே மறக்கமாட்டேன்னு சொன்னேன். அதுக்கப்புறம் மறக்கவே இல்ல."

டீச்சரும் கண்டக்டரும் வெளியே வந்து நின்றார்கள். எதிரே புது மீட்டர் ஒன்றின் முன்னால் ஒருவர் தன் வண்டி நம்பரை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அழுத்திக்கொண்டிருந்தார்.

"காலின்னு சொல்லாம வேற வழி இல்லையா டீச்சர்?"

"இருந்திருக்கலாம். எனக்கு அரை மணி நேரத்துல தோணினது இதுதான். இல்லைன்னா இப்ப அந்தம்மா லாக்கப்புல இருப்பாங்க."

"அவங்க சிரிச்சாங்க."

"பார்த்தேன்."

"முதல் நாளே போயிட்டாருன்னாவது சொல்லியிருக்கலாம். அந்தப் பதினாறு கோடு நமக்கு மட்டும்தானே தெரியும்."

"கோர்ட்டுல அத்தனை பேர் முன்னால தெரிய வரும். அப்ப நாமளும் அவங்ககிட்ட பொய் சொன்னவங்களா இருப்போம்."

"சுவர்ல எழுதியிருந்ததைச் சொல்லலையே?"

"நாளைக்கு."

"வேணாம் டீச்சர்."

"படம் எடுத்தாச்சு கண்டக்டர். பேப்பர்ல வரும். அதுக்கு முன்னாடி நான் வந்து சொல்லணும்." டீச்சர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "நீங்க வர வேணாம்."

அவர் நடந்துவிட்டார். கண்டக்டர் கூடவே போகவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாலு வருஷத்தில் இப்படி நின்றது இதுதான் முதல் தடவை.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அந்த அம்மாள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். திரையில் வேனின் நம்பர், கீழே சிவப்பில் ஒரு வரி.

"நேரம் முடிஞ்சுடுச்சாம். நீட்டிக்கவா, நீட்டிக்கவான்னு கேட்டுக்கிட்டே இருக்கு" என்றார். "இதை எப்படி நிறுத்தறதுன்னு எனக்குத் தெரியல சார். அண்ணன் கட்ட மட்டும்தான் சொல்லிக் கொடுத்தாரு."

கண்டக்டர் போனை வாங்கிக்கொண்டார். அவருக்கும் தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கடை வாசல் படியில் அவரை உட்காரச் சொல்லி, பக்கத்தில் தானும் உட்கார்ந்து, மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படிக்க ஆரம்பித்தார்.